மறக்கடிக்கப்பட்ட நாவல்கள் யாருக்குச் சொந்தம்?

ராசிபுரம் பக்கத்தில் ஒரு நூல் மில் வாசல். இரவு ஷிப்டு முடிந்து வந்த தோழர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சுத் தூசி இன்னும் தலைமயிரில் ஒட்டிக்கொண்டிருந்தது. நூறு வருஷங்களுக்கு முன்னால் ஆங்கிலத்தில் வந்து, பிறகு யாரும் சீந்தாமல் போன நாவல்களை இப்போது தேடி எடுத்து மறுபடியும் அச்சிடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. ரிங் பிரேம் பார்க்கும் தோழர் ஒருவர் சட்டென்று கேட்டார்:

"ஏனுங்க தோழர், அந்தக் காலத்து இங்கிலீசுக் கதை நமக்கெதுக்குங்க? நம்ம பஞ்சப்படிக் கதையே முடியாத கதையா இருக்குதுங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. சிரித்துத் தள்ளிவிட முடியாது. வெள்ளைக்காரன் மொழியில், நாம் பிறப்பதற்கு முன்பே வந்த புத்தகம் மறைந்தால் நமக்கு என்ன நஷ்டம்? மறுபடி கிடைத்தால் நமக்கு என்ன லாபம்?

அன்றைக்கு டீ ஆறுவதற்குள் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். புத்தகம் தானாக மறைவதில்லை. நல்ல புத்தகம் நிற்கும், மோசமான புத்தகம் அழியும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. அச்சு யந்திரம் யாரிடம் இருக்கிறது, காகிதம் வாங்கப் பணம் யாரிடம் இருக்கிறது, பள்ளிக்கூடப் பாடத்தில் எதைச் சேர்க்கலாம் என்று தீர்மானிக்கிறவர் யார் என்பதெல்லாம் மீதிப் பாதி. சில புத்தகங்கள் மறந்து போகின்றன. சில புத்தகங்கள் மறக்கடிக்கப்படுகின்றன.

சாயம் பூசிய கை எழுதியது

இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்று ஓர் ஊர். அங்கே வீடுகளுக்குச் சாயம் பூசியும், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியும் வயிறு வளர்த்த தொழிலாளி ராபர்ட் நூனன். 1870-ல் டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர். கொஞ்ச காலம் தென்னாப்பிரிக்காவிலும் வேலை பார்த்தவர். நெஞ்சிலே காசநோய். வீட்டிலே கேதலீன் என்று ஒரே மகள். பகலெல்லாம் வேலை. வேலை முடிந்த பிறகு காகிதமும் பேனாவும். 1906 முதல் 1910 வரை இப்படி எழுதினார். ஆயிரத்து அறுநூறு பக்கங்களுக்கு மேல் கையெழுத்துப் பிரதி சேர்ந்தது. தமக்கு 'ராபர்ட் டிரெஸ்ஸல்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். சாரப் பலகையைத் தாங்கி நிற்கும் மரக்காலுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். தொழிலின் கருவியையே பெயராகச் சூட்டிக்கொண்டார்.

நாவலின் பெயரைத் தமிழில் 'கந்தல் கால்சராய் தர்மப் பிரபுக்கள்' என்று சொல்லலாம். யார் இந்தத் தர்மப் பிரபுக்கள்? தொழிலாளிகள்தான்! கிழிந்த கால்சராயைப் போட்டுக்கொண்டு, தங்கள் உழைப்பையெல்லாம் முதலாளிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, முதலாளி தங்களுக்குச் சோறு போடுகிறார் என்று நன்றி வேறு சொல்கிறார்களே, அவர்கள்தான்.

பிரசுரகர்த்தர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனம் ஒடிந்த நூனன் கனடாவுக்குப் போய்ப் பிழைக்கலாம் என்று கிளம்பினார். லிவர்பூல் துறைமுக நகரம் வரைதான் போக முடிந்தது. 1911 பிப்ரவரியில் அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்தார். வேறு ஏழைகளோடு சேர்த்து ஒரே குழியில் புதைத்தார்கள். கல் இல்லை, பெயர் இல்லை.

மகள் அந்தக் காகிதக் கட்டைப் பத்திரமாக வைத்திருந்தாள். அது ஓர் எழுத்தாளர் அம்மையார் கண்ணில் பட்டு, கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பிரசுரகர்த்தர் கைக்குப் போயிற்று. உரிமை முழுவதையும் இருபத்தைந்து பவுனுக்கு வாங்கிக்கொண்டார். 1914-ல் புத்தகம் வெளிவந்தது.

எப்படி வந்தது? கத்தரிக்கோல் போட்டு வந்தது! தொழிலாளிகள் சோஷலிசம் பற்றிப் பேசும் இடங்கள் பல போயின. அத்தியாயங்கள் இடம் மாறின. 1918-ல் மலிவுப் பதிப்பு வந்தபோது இன்னும் வெட்டினார்கள். ஏறக்குறைய இரண்டரை லட்சம் சொற்கள் கொண்ட நாவலில் மிஞ்சியது தொண்ணூறாயிரம்தான். டிரெஸ்ஸல் தம் கதையை வருங்காலத்தின் வெளிச்சத்தைக் காட்டி முடித்திருந்தார். வெட்டியவர்களோ கதாநாயகன் ஓவன் வறுமை தாளாமல் சாவை நினைக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நம்பிக்கையில் முடிந்த தொழிலாளியின் கதை, விரக்தியில் முடிந்த கதையாகிவிட்டது. ஒரு சொல் கூடப் புதிதாகச் சேர்க்காமலே ஒரு மனிதனை ஊமையாக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் வெட்டுப்பட்ட புத்தகமும் சும்மா இருக்கவில்லை. பட்டறையில் ஒருவர் படித்து இன்னொருவரிடம் கொடுத்தார். சங்கக் கூட்டங்களில் உரக்க வாசித்தார்கள். தாள் கிழியக் கிழியக் கைமாறியது. கடைசியில் உண்மையைத் தேடிப் போனவரும் ஒரு தொழிலாளிதான். ஹேஸ்டிங்ஸ்காரரான ஃபிரெட் பால் பல வருஷங்கள் அலைந்து, 1946-ல் மூலக் கையெழுத்துப் பிரதி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். எழுபது பவுன் கொடுத்து நண்பர்களோடு சேர்ந்து வாங்கினார். நூனனே எழுதிய முழு நாவல் 1955-ல்தான் அச்சேறியது. எழுதியவர் இறந்து நாற்பத்து நான்கு வருஷங்களுக்குப் பிறகு!

பெரிய பல்கலைக்கழகம் எதுவும் தேடவில்லை. தேடியது தொழிலாளி.

ரொட்டித் துண்டும் மூன்று கத்தியும்

அந்த நாவலில் ஒரு காட்சி உண்டு. டீக்கடையில் அதைத்தான் சொன்னேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். 'ஏழைகள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள்? பணம் இல்லாததால்தானே!' என்று சக தொழிலாளிகள் சாதிக்கிறார்கள். ஓவன் வாதம் பண்ணவில்லை. ஒரு விளையாட்டுக் காட்டுகிறான். மிச்சம் கிடந்த ரொட்டித் துண்டுகளைக் குவிக்கிறான். அதுதான் நிலத்திலிருந்து வரும் மூலப்பொருள். மூன்று பேனாக்கத்திகளைக் கேட்டு வாங்கி வைக்கிறான். அவைதான் யந்திரங்கள். மூன்று சில்லறைக் காசுகளை வைக்கிறான். அவைதான் மூலதனம். மூன்றும் முதலாளியாகிய ஓவனுடையவை. எதிரே இருக்கும் மூன்று பேரும் தொழிலாளிகள். அவர்களுக்குச் சொந்தம் கைகள் மட்டும்.

ஆளுக்கு ஒரு கத்தி கொடுத்து ரொட்டியை வெட்டச் சொல்கிறான். ஒரு வாரத்தில் ஒவ்வொருவரும் மூன்று துண்டு வெட்டுகிறார்கள். கூலி ஆளுக்கு ஒரு காசு. நல்லது. ஆனால் பசிக்குமே! சாப்பிட வேண்டியது அந்த ரொட்டித் துண்டுதான். ஒரு துண்டு விலை ஒரு காசு. மூன்று பேரும் வாங்கித் தின்கிறார்கள். இப்போது கணக்குப் பாருங்கள். கொடுத்த மூன்று காசும் ஓவனிடமே திரும்பி வந்துவிட்டன. மிச்சம் ஆறு துண்டு ரொட்டியும் அவனிடம். வெட்டியவர்களிடமோ காசும் இல்லை, ரொட்டியும் இல்லை. மறுபடியும் வேலை. மறுபடியும் அதே கதை. ரொட்டி மலைபோல் குவிந்ததும் ஓவன் கத்திகளைப் பிடுங்கிக்கொள்கிறான். சரக்கு தேங்கிவிட்டதாம், வேலை இல்லையாம்! எதிரே குவிந்து கிடக்கும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே வெட்டியவர்கள் பட்டினி.

ரிங் பிரேம் தோழர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுல ரொட்டிக்குப் பதிலா நூல்கண்டு வெச்சுப் பாத்தா சரியா இருக்குதுங்க" என்றார்.

சரியாகத்தான் இருக்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறியில் வைத்துப் பார்த்தாலும் சரியாக இருக்கும். பாவு அவர்களுடையது, ஊடை அவர்களுடையது, தறி அவர்களுடையது. மீட்டருக்கு இத்தனை பைசா என்ற கணக்கு மட்டும் நம்முடையது. குச்சிக்கிழங்குக் காட்டில் குனிந்து பிடுங்குகிறவருக்கும் இது தெரியும். கிழங்கு ஜவ்வரிசியாகி எங்கெங்கோ போகிறது. பிடுங்கியவர் கூலியை வாங்கிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போகிறார். கடையில் அந்தக் கூலி நிற்கிறதா?

ஹேஸ்டிங்ஸில் எழுதிய கதை ராசிபுரத்துக்குப் பொருந்துகிறது. இப்போது சொல்லுங்கள், அது அந்நியக் கதையா?

கடலுக்கு அந்தப் பக்கம்

இங்கிலாந்து வெகுதூரம் என்றால், ராமேசுவரத்துக்கு எதிர்க்கரையைப் பாருங்கள். இலங்கை. அங்கே 1904-ல் வெள்ளைச் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவர் லியனார்ட் வூல்ஃப். முதலில் யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1908 முதல் 1911 வரை தென்கோடியில் அம்பாந்தோட்டை ஜில்லாவுக்கு அதிகாரி. ஊர் ஊராகப் போய் ஜனங்களின் வழக்குகளைக் கேட்டவர். தாம் செய்யும் ஆட்சியின் மீதே அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது. லண்டனுக்குத் திரும்பி வேலையை விட்டார். 1913-ல் ஒரு நாவல் எழுதினார். காட்டுக்குள் இருக்கும் ஒரு கிராமத்தின் கதை.

அந்த நாவலில் வெள்ளைக்காரன் வீரனாக வரவில்லை. மழையை நம்பிக் காடு வெட்டி, எரித்து, விதைக்கும் சிங்கள ஏழைகளே வருகிறார்கள். சிலிந்து என்று ஒரு வேட்டைக்காரன். அவனுக்கு இரட்டைப் பெண்கள். காடு வெட்டச் சர்க்கார் அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமானால் ஊர்த்தலைவனின் தயவு வேண்டும். ஊர்த்தலைவனுக்குப் பின்னால் வட்டிக்கடைக்காரன். தலைவன் கண் வைத்துவிட்டால் அனுமதி இல்லை. அனுமதி இல்லையென்றால் விதைப்பு இல்லை. விதைப்பு இல்லையென்றால் கடன். அடிமேல் அடி விழுகிறது. மருமகன் மேல் பொய்த் திருட்டு வழக்கு, சிறை. கடைசியில் பொறுக்க மாட்டாமல் சிலிந்து துப்பாக்கியை எடுக்கிறான். ஊர் அழிகிறது. காடு வந்து வீடுகளை மூடிக்கொள்கிறது.

வழக்குமன்றத்தில் வெள்ளைத்துரை உட்கார்ந்திருக்கிறார். சட்டப்படிதான் தீர்ப்புச் சொல்கிறார். ஆனால் பேசும் மொழி வேறு, காகிதத்தில் எழுதியது வேறு, நடந்தது வேறு. நியாயம் அந்த மேஜைக்கு வருவதற்கு முன்பே செத்துப் போகிறது. பட்டா மாறுதலுக்கும், முதியோர் பென்ஷனுக்கும் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

இங்கிலாந்தில் இந்த நாவலைப் பெரும்பாலோர் மறந்தார்கள். வூல்ஃப் என்றால் அவருடைய மனைவி வர்ஜீனியாவின் பெயர்தான் அங்கே நிலைத்தது. ஆனால் இலங்கையில் அது சாகவில்லை. சிங்களத்தில் மொழிபெயர்த்தார்கள். ஜனங்கள் படித்தார்கள். 1980-ல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதை 'பெத்தேகம' என்று சினிமாவாக எடுத்தார். எழுதியவன் நாடு கைவிட்டது. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் தங்கள் மொழிக்கு எடுத்து வைத்துக் காப்பாற்றினார்கள்.

நம் வீட்டுப் பரணில்

சரி, நம் வீட்டுக்கு வருவோம். ஆங்கில நாவல் என்றால் வெள்ளைக்காரன் எழுதியது என்று மட்டும் எண்ண வேண்டாம். அதே காலத்தில் தமிழனும் ஆங்கிலத்தில் நாவல் எழுதினான்.

அ. மாதவையா 1872-ல் திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளத்தில் பிறந்தவர். சர்க்கார் உப்பு இலாகாவில் உத்தியோகம். தமிழில் 1898-ல் இவர் எழுதிய 'பத்மாவதி சரித்திரம்' தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்று. அதன் பெயரைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். ஆனால் இதே மனிதர் ஆங்கிலத்தில் 1903-ல் 'தில்லைக் கோவிந்தன்', 1909-ல் 'சத்தியானந்தன்', 1915-ல் 'கிளாரிந்தா' என்று வரிசையாக நாவல்கள் எழுதினார். இவற்றை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ஒரே கை எழுதியவைதாம். தமிழில் எழுதியது நின்றது. ஆங்கிலத்தில் எழுதியது பரணுக்குப் போயிற்று.

'கிளாரிந்தா' நாவலுக்குப் பின்னால் நிஜ சரித்திரம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவைப் பெண் ஒருத்தி. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவள். ஆங்கிலேயச் சிப்பாய் அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தாள். சாதி தள்ளிவைத்தது. 1778-ல் பாளையங்கோட்டையில் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் ஞானஸ்நானம் கொடுத்தார். 1785-ல் அவள் முயற்சியில் எழும்பிய கோயில் பாளையங்கோட்டையில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பெண்ணை மாதவையா கதைத் தலைவியாக்கினார். விதவையை உயிரோடு கொளுத்தத் துணியும் சமூகத்தின் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்தார். 1915-ல் இதைச் செய்யத் துணிச்சல் வேண்டும்.

ஆனால் யார் படித்தார்கள்? அன்றைக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணக் கூடியவர்கள். விதவைக் கொடுமையைச் சுமந்த பெண்களுக்கு எழுத்துக்கூடத் தெரியாது. யாருக்காகப் பேசினாரோ அவர்கள் காதுக்குப் போய்ச் சேராத மொழியில் பேசினார். சரோஜினி பாக்கியமுத்து 1976-ல் 'கிளாரிந்தா'வைத் தமிழாக்கினார். ஆங்கில மூலத்தை லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் பதிப்பித்து, 2005-ல் சாகித்திய அகாதெமி மறுபடியும் வெளியிட்டது. தொண்ணூறு வருஷம்!

மாதவையாவே இந்தத் தவறை உணர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசிக் காலத்தில் 'பஞ்சாமிர்தம்' என்று தமிழ்ப் பத்திரிகை நடத்தினார். 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர், அங்கேயே உயிர் நீத்தார்.

அடுத்து, காவிரிப்பூம்பட்டினத்துக்காரரான கா.சி. வேங்கடரமணி. 1927-ல் உழவன் முருகன் பெயரில் ஆங்கில நாவல் எழுதினார். 1932-ல் தேசபக்தன் கந்தன் பெயரில் இன்னொன்று. தாமே தமிழிலும் கொண்டுவந்தார். அதைப் பாராட்ட வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டாம்

பழையது என்பதற்காகத் தலையில் வைத்துக்கொண்டு ஆடச் சொல்லவில்லை. குறையையும் சொல்வோம்.

வேங்கடரமணியின் நாவலுக்குப் பெயர் கொடுத்தவன் உழவன். ஆனால் கதையின் நடுவே உட்கார்ந்திருப்பவர்கள் ராமு, கேதாரி என்ற படித்த வாலிபர்கள் இருவர். ஏர் பிடித்தவன் ஓரத்தில் நிற்கிறான். மாதவையாவின் உலகமும் உத்தியோகஸ்தர் உலகம்தான். பண்ணையாள் அந்த வீட்டுத் திண்ணைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். திண்ணையிலிருந்து பார்த்தால் வயல் பச்சையாகத் தெரியும். வயலில் நிற்பவன் காலில் உள்ள சேற்றுப்புண் தெரியாது.

ஆகவே இவர்களைப் படிக்கும்போது, எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்ற கேள்வியோடு படிக்க வேண்டும். டிரெஸ்ஸல் சாரத்தின் மேல் நின்று எழுதினார். அந்த வித்தியாசம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆனால் குறை இருக்கிறது என்பதற்காகப் படிக்காமலே தள்ளுவது சரியல்ல. நம்மைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதி வைத்தார்கள் என்று தெரிந்தால்தான், நம்மைப் பற்றி நாமே என்ன எழுத வேண்டும் என்பது விளங்கும்.

நாளைக்கு நம் புத்தகமும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மறக்கடிக்கப்படுவது ஆங்கில நாவலுக்கு மட்டும் நேர்வதல்ல.

1953-ல் தொ.மு.சி. ரகுநாதன் 'பஞ்சும் பசியும்' எழுதினார். நூல் கிடைக்காமல் நொந்த கைத்தறி நெசவாளியின் கதை. அம்மாப்பேட்டையிலும் குகையிலும் இன்று தறிக்குழியில் கால் வைத்திருக்கும் இளைஞர்களில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? நமது நாமக்கல் ஜில்லாவிலேயே கு. சின்னப்ப பாரதி இருந்தார். 'தாகம்' எழுதினார், நிலமற்ற உழவர்களைப் பற்றி. 'சங்கம்' எழுதினார், கொல்லிமலை மக்களைப் பற்றி. 'சர்க்கரை' எழுதினார், ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி. 2022-ல் காலமானார். அவருடைய நாவல்கள் பிற மொழிகளுக்கெல்லாம் போயின. மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர் வீட்டில் 'சர்க்கரை' ஒரு பிரதி இருக்கிறதா?

இல்லையென்றால், இன்னும் ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்து, நாமக்கல்லில் இப்படி ஒருவர் எழுதினாராம் என்று 'கண்டுபிடிக்க' வேண்டியிருக்கும். நம் பொருளை நாமே தொலைத்துவிட்டு, ஊரார் தேடிக் கொடுக்கும்போது வியப்பதா?

என்ன செய்யலாம்? கைக்கெட்டிய வேலைகள் இருக்கின்றன.

ஒன்று: 1948-ம் வருஷத்துப் பொது நூலகச் சட்டம் நம் மாகாணத்தில் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் நம்மிடம் வாங்குகிறார்கள். ஓலைக்கொட்டகைக்காரன் கொடுக்கும் பைசாவும் அதில் சேர்ந்தது. ஆகவே கிளை நூலகத்தில் போய், இன்ன புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கேட்பது பிச்சையல்ல, உரிமை. திருச்செங்கோட்டில் பத்துப் பேர், ராசிபுரத்தில் பத்துப் பேர், சேலத்தில் இருபது பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் யார் மறுக்க முடியும்?

இரண்டு: டிரெஸ்ஸலும் மாதவையாவும் இறந்து நூறு வருஷம் ஆகிவிட்டது. நம் நாட்டுச் சட்டப்படி அவர்கள் எழுத்துக்கு யாரும் உரிமைப் பணம் கேட்க முடியாது. எளிய தமிழில், மலிவு விலையில், ஓர் அத்தியாயமாகவாவது சிறு பிரசுரமாகப் போடலாம். ஆங்கிலம் படித்த நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்ஜினியரிங் கல்லூரிக்கு நாம் கட்டிய பீஸில் அவர்கள் கற்ற ஆங்கிலம், அப்பனுக்கு ஒரு கதையைத் தமிழில் சொல்லவாவது பயன்படட்டுமே!

மூன்று: எழுத்துத் தெரியாத தோழர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. சங்க ஆபீஸில் வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு பேசட்டும். தெருக்கூத்து விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஜனங்கள் நாம். காதால் கேட்டுக் கதையைக் காப்பாற்றுவது நமக்குப் புதிதல்ல.

டிரெஸ்ஸலின் மகள் அந்தக் காகிதக் கட்டை அடுப்பில் போடாமல் வைத்திருந்தாள். ஃபிரெட் பால் அதைத் தேடிப் போனார். முகம் தெரியாத ஆயிரம் தொழிலாளிகள் கிழிந்த பிரதியைக் கைமாற்றினார்கள். இவர்கள் யாரும் பண்டிதர்கள் அல்ல. ஒரு நாவல் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், அச்சிட்டவருக்கும் அல்ல, பரணில் பூட்டியவருக்கும் அல்ல, படித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கிறவருக்குத்தான் சொந்தம்.

அன்று டீக்கடையில் கிளம்பும்போது ரிங் பிரேம் தோழர் கேட்டார்: "அந்த ரொட்டிக் கதையை ஞாயித்துக்கிழமை சங்கத்துல சொல்றீங்களா?"

சொல்கிறேன் தோழர். ஆனால் அதற்கடுத்த ஞாயிறு நீங்கள் சொல்ல வேண்டும்!